வெள்ளைக் கண்ணாடியின் செருமல்

அந்த ஊரில் நிலம் நடுங்குவதற்குச் சற்று முன்பு ஜன்னல் கண்ணாடிகள் இருமும். கடலோர ஊர் அது. அடியில் பாறைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடப்பதால், வருடத்தில் சில தடவையாவது நிலம் புரண்டு படுக்கும். அதற்கு முன்னால் சமையலறைக் கண்ணாடிகள் வறட்டு இருமலாக இருமும். வங்கியின் உயரமான கண்ணாடிகள் மேடையில் பேசப் போகிறவர்கள் மாதிரி தொண்டையைக் கனைக்கும். குளியலறைக் கண்ணாடிகளுக்கு எப்போதும் கொஞ்சம் சளி உண்டு. இருமல் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ஊரே மைதானத்துக்கு வந்து நிற்கும். ஆட்டம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரும். இந்த ஊரில் பெண் எடுத்த வெளியூர் மாப்பிள்ளை ஒருவர் பரிதாபப்பட்டு ஜன்னலுக்கு இருமல் மருந்து தடவிய கதையைச் சொல்லி இன்னமும் சிரிக்கிறார்கள். தபால் அலுவலகக் கண்ணாடி ஒன்று ஒரு மழைக்காலம் முழுக்க இருமி எல்லாரையும் அலைக்கழித்தது உண்டு. பார்த்தால் வெறும் தூசி, துடைத்துவிட்டதும் நின்றுவிட்டது.

பொய் இருமலை மட்டும் ஊர் பொறுத்துக்கொள்ளாது. காற்றில் தடதடக்கிற கண்ணாடி எது, இருமுகிற கண்ணாடி எது என்று தெரியாமல் போனால் மனிதன் எத்தனை முறை சோற்றில் கை வைத்துவிட்டு ஓடுவான்? அதனால் அங்கே கண்ணாடி பொருத்துகிறவர்கள் சட்டத்தில் நகம்கூட நுழையாதபடி மரச்சக்கை வைத்து இறுக்கிவிடுவார்கள். ஆடுகிற கண்ணாடியைப் பொருத்தியவன் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அந்த வேலையில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவரை எல்லாரும் இறுக்கு மேஸ்திரி என்றே கூப்பிட்டார்கள். ஆள் பேச்சிலும் அப்படித்தான்; ஒரு வார்த்தையை வெளியே எடுப்பதற்குள் கேட்பவருக்கு வியர்த்துவிடும்.

மேஸ்திரியின் மனைவிதான் ஊர்க் கட்டடங்களுக்குக் கண்ணாடி தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற பொறியாளர். அவள் அந்தப் படிப்புக்குப் போனதற்குக் காரணம் அவளுடைய அக்கா. அக்கா பழைய பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். வார்டுக்குள் நுழையும் முன் வாசலில் நின்று இரண்டு தடவை மெதுவாகச் செருமிவிட்டுத்தான் வருவாள். பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய்மார்கள் சேலையைச் சரிசெய்துகொள்ளட்டும் என்பதற்காக வந்த பழக்கம். பிற்பாடு சொந்த வீட்டுக்குள் வரும்போதும் செரும ஆரம்பித்துவிட்டாள். பெரிய ஆட்டம் வந்த வருடம் கண்ணாடிகள் வேளையோடு இருமின. தாய்மார்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். அக்கா கடைசித் தொட்டிலை எடுக்கத் திரும்பிப் போனாள். நிலம் ஆடியது, எங்கோ மின்கம்பி அறுந்தது, நடைவழியில் தீப்பிடித்தது. வார்டுக் கதவின் கண்ணாடி ஒரே அடியில் பொலபொலவென்று உதிர்ந்து தீக்கு வழிவிட்டது. குழந்தையை ஜன்னல் வழியாகக் கீழே நின்றவர்களின் கைகளில் போட்ட அக்கா, தான் வரவில்லை.

அக்காவின் கணவர் அதற்கு முன்பே காலமாகியிருந்தார். அவளுடைய சின்ன மகளைத் தங்கையும் மேஸ்திரியும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து சித்தி, சித்தப்பாவாகவே இருந்து வளர்த்தார்கள். தங்களுக்கென்று வேறு பிள்ளை வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அந்த வீட்டில் சண்டை உண்டு, சிரிப்பு உண்டு. ஒன்றைப் பற்றி மட்டும் பேச்சே கிடையாது. உதிர்ந்த அந்தக் கதவுக் கண்ணாடியைப் பொருத்தியவர் மேஸ்திரி. மனைவிக்கு அது தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். வருடங்கள் அதன் மேல் சப்தமில்லாமல் நடந்து போயின.

பழைய இடத்தில் புதிய பிரசவ ஆஸ்பத்திரி கட்ட முடிவானபோது கண்ணாடியை அவள்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒருவரும் அவளை அவசரப்படுத்தவில்லை. கம்பி வலை பதித்த கண்ணாடியைப் பார்த்தாள். அது தீயையும் புகையையும் தடுக்கும், ஆனால் வெக்கையை அப்படியே விட்டுவிடும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பவளின் தோல் வெந்துவிடும். சுத்தியலால் அடித்தாலும் உடையாத கண்ணாடியைப் பார்த்தாள். அது அடிக்கு அசராது, நெருப்புக்குச் சுக்குநூறாகும். கடைசியில், தொலைவில் இருந்த சோதனைக் கூடத்தில் பல தகடுகளை அடுக்கிச் செய்த ஒரு கண்ணாடியைக் காட்டினார்கள். தகடுகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத கூழ் இருந்தது. சூடு பட்டதும் அந்தக் கூழ் பொங்கி, வெள்ளை வெளேரென்று திரண்டு, சூட்டைத் தனக்குள்ளேயே வாங்கிக்கொண்டது. உலைக்கு இந்தப் பக்கம் அவள் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாள். சுடவில்லை. பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சோதனைக்காரர்கள் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, அடுத்த கேள்விகளுக்குப் போனாள். கடற்கரை வெயிலில் கூழ் மஞ்சளாகுமா? உப்புக் காற்றின் ஈரம் ஓரத்தில் புகுந்தால் குமிழி விடுமா? சட்டம் துருப்பிடித்தால் கண்ணாடி நல்லதாக இருந்து என்ன லாபம்? கண்ணாடி, சட்டம், நடுவில் வைக்கும் பட்டை மூன்றையும் சேர்த்துத் தீயில் வைத்துச் சோதித்தார்களா, தனித்தனியாகவா? ஆளைத் துளைத்தெடுத்துவிட்டுத்தான் சரி என்றாள். வரைபடத்தில் ஓரங்களைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விட்டு, அங்கே தீயைத் தாங்கும் மெத்தென்ற பட்டை வைக்க வேண்டும் என்று குறித்தாள். நிலம் ஆடும்போது சட்டம் கோணும். கண்ணாடி நகர்ந்துகொள்ள இடம் வேண்டும்.

பிரசவ அறைக்கும் நடைவழிக்கும் நடுவே மேஸ்திரியின் கையால் அந்தக் கண்ணாடிகள் ஏறின. மறு மாதமே ஒரு சின்ன ஆட்டம் வந்தது. ஊரிலுள்ள கண்ணாடியெல்லாம் இருமியது. மருந்துக்கடையின் ஓட்டைக் கண்ணாடிகூட இருமியது. புதிய கண்ணாடிகள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மாலைக்குள் அவற்றுக்கு ஊமைக் கண்ணாடி என்று பெயர் வந்துவிட்டது. அங்கே பிள்ளை பெற மாட்டோம் என்று கர்ப்பிணிகள் ஒற்றைக் காலில் நின்றார்கள். பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, பேசாமல் பழைய கண்ணாடியையே போட்டுவிடலாமே என்றார். அந்த மாதக் கடைசிக்குள் ஒரு முடிவு சொல்வதாக அவள் ஒப்புக்கொண்டாள்.

அதைவிடப் பெரிய பேச்சு வீட்டில் காத்திருந்தது. மகள் இப்போது அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். தாயைப் போலவே கைராசிக்காரி என்று பெயர். நிறைமாதத்துக்குக் கொஞ்சம்தான் பாக்கி. செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

“சித்தி, அந்த ஊமைக் கண்ணாடிக்குப் பக்கத்துல நான் படுக்க மாட்டேன். அன்னைக்கு இருமல் கேட்டதாலதான அம்மா அத்தனை பேரையும் கீழ இறக்கினாங்க?”

“கேட்டா. எல்லாரையும் இறக்கினா. அவ இறங்கலையேடி.”

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்து சித்தியின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். வயிற்றுக்குள் இருந்தது இருவரையும் சேர்த்து உதைத்தது.

மறுநாள் மத்தியானம் சித்தி தனியாகப் பிரசவ அறைக்குப் போனாள். ஆஸ்பத்திரிச் சிப்பந்திகள் இல்லாத நேரமாகப் பார்த்து, கண்ணாடியில் காதை வைத்தாள். உள்ளே என்னவோ கேட்டது. வாயை யாரோ பொத்திக்கொண்டிருக்கும்போது அதற்குள்ளிருந்து வரும் முனகல் அது. சட்டத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். விரல் போக வேண்டிய இடத்தில் நகம் போகவில்லை. ஓரத்து மூடியைக் கிளப்பினாள். உள்ளே வரிசையாக மரச்சக்கைகள். அடித்து இறுக்கி, மேலே பூசி, இழைத்து, பார்ப்பவர் மெச்சும்படி மேஸ்திரி முடித்திருந்தார். ஒவ்வொன்றிலும் அவருடைய பாசம் தெரிந்தது. தன் வளர்ப்பு மகள் பிள்ளை பெறப்போகிற அறை என்பதால் வழக்கத்தைவிட அதிகமாகவே இறுக்கியிருந்தார்; கண்ணாடிக்கு இருமக்கூட இடமில்லை.

சக்கையை எடுங்கள் என்று சொல்வது ஒரு வாக்கியம். ஆனால் அதைச் சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும். இறுக்கிய கண்ணாடி ஆட்டத்தில் நகர இடமில்லாமல் தெறிக்கும் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அந்தப் பழைய கதவைப் பற்றியும் சொன்னதாகும். இத்தனை வருடம் கண்ணும் கருத்துமாகக் காத்த மௌனம் அது. அவள் வெகுநேரம் அந்த அறையில் நடந்தாள். பிறகு அவருக்குச் சொல்லி அனுப்பினாள்.

அவர் கருவிப் பையோடு வந்தார். சக்கைகளை எடுத்துவிட்டு இடம் விட வேண்டும், இறுக்கினால் ஆட்டத்தில் தெறிக்கும் என்று அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

“ஆடுற கண்ணாடி பொருத்தினா ஊரே சிரிக்கும்” என்றார் அவர்.

“சிரிக்கட்டுங்க.”

அவர் சக்கை ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தார். எதிர்பார்த்த கேள்வி வந்தது, ஒவ்வொரு வார்த்தையாக.

“அப்ப... அக்கா வார்டுல... அந்தக் கதவு...”

“அன்னைக்கு யாருக்குங்க தெரியும்? எனக்கும் தெரியாது. இப்பத் தெரியுது. இது நம்ம பொண்ணு படுக்கப்போற அறை.”

இறுக்கு மேஸ்திரி முழங்காலிட்டு உட்கார்ந்து, தான் அடித்த சக்கைகளைத் தானே ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அவள் மெத்தென்ற பட்டையை நீட்ட நீட்ட வாங்கி வைத்தார். கதவின் கண்ணாடியிலிருந்து கடைசிச் சக்கை வெளியே வந்ததும் கண்ணாடி லேசாக அசைந்து, நெடுநாள் காத்திருந்தது போல, இரண்டு தடவை மெதுவாகச் செருமியது. நிலம் ஆடவில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தச் செருமல் யாருடையது என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது. மேஸ்திரி அழுதார். அழுது முடித்ததும் பேச ஆரம்பித்தார். அக்கா தனக்கு முதல்முதலாகச் சர்க்கரை என்று நினைத்து உப்பைப் போட்டுக் கொடுத்த தேநீரிலிருந்து தொடங்கி, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேசினார், சாப்பிடும்போது பேசினார், மறுநாளும் பேசினார். தொண்டை கட்டிப்போன பிறகு சைகையால் தொடர்ந்தார்.

மகளுக்கு வலி எடுத்த காலையில் ஊர்க் கண்ணாடிகள் இருமின. அதற்கும் முன்னதாகவே பிரசவ அறைக் கண்ணாடிகள் கனத்த குரலில் இருமிவிட்டன. மற்ற வார்டுகள் காலியாக நேரம் கிடைத்தது. மகளை மட்டும் நகர்த்த முடியவில்லை, குழந்தையின் தலை தெரிந்துவிட்டது. மருத்துவச்சியும் சித்தியும் கூட நின்றார்கள். நிலம் ஆடியது. சட்டங்கள் கோணின, கண்ணாடிகள் தங்கள் இடத்துக்குள் இப்படியும் அப்படியும் நகர்ந்துகொடுத்தன, ஒன்றிலும் கீறல் விழவில்லை. மருந்துக் கிடங்கில் பாட்டில்கள் உடைந்து நடைவழியில் தீ எழுந்தபோது கண்ணாடி முழுவதும் பால் பொங்குவதுபோலப் பொங்கி வெள்ளையானது. தீயின் சிவப்புகூட உள்ளே வரவில்லை. சித்தி ஒரு கையால் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மறு கையைக் கண்ணாடியில் வைத்தாள். காய்ச்சல் வந்த பிள்ளையின் நெற்றிச் சூடுதான் இருந்தது. அந்த வெள்ளை வெளிச்சத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து, ஆஸ்பத்திரி அதிர அழுதது. கடல் பக்கத்துப் படிக்கட்டு வழியாக மூன்று பேரும் குழந்தையைச் சுமந்து இறங்கினார்கள். கீழே மகளின் கணவனான பேருந்து ஓட்டுநரும் மேஸ்திரியும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்; யார் யாரைத் தாங்கினார்கள் என்று சொல்ல முடியவில்லை.

அதன் பிறகு ஊரில் புதிதாக எழும்பும் கட்டடங்களிலெல்லாம் ஒரு விரல் இடைவெளி விடுகிறார்கள். மேஸ்திரிக்கு இளக்கு மேஸ்திரி என்று புதுப் பெயர் வந்தது; அவர் அதற்கும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். ஒருமுறை வெள்ளையான கண்ணாடி இன்னொரு தீயைத் தாங்காது என்பதால் அவள் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னாள், அக்காவின் செருமல் கேட்ட கதவுக் கண்ணாடி உட்பட. விதி என்றால் விதிதான், அதில் அவள் யாருக்கும் இளகியதில்லை. கழற்றிய கதவுக் கண்ணாடியை மேஸ்திரி குறைந்த விலை பேசி வாங்கி வந்து, வீட்டில் சமையலறைக்கும் குழந்தை தூங்கும் அறைக்கும் நடுவே சுவரில் பொருத்தினார். ஓரத்தில் தாராளமாகவே இடம் விட்டார்.

அது நிலம் ஆடும் முன் எல்லாக் கண்ணாடியும் போல இருமுகிறது. மற்றபடி சில மத்தியானங்களில், குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கும்போது, இரண்டு தடவை மெதுவாகச் செருமுகிறது. அதற்கு யாரும் மைதானத்துக்கு ஓடுவதில்லை. சித்தப்பா வழியில் கிடக்கும் பையை ஓரமாக நகர்த்துகிறார், சித்தி இன்னொரு டம்ளர் எடுத்து வைக்கிறாள். மகள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, குழந்தையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே, “வாங்கம்மா, முழிச்சிட்டுத்தான் இருக்கா” என்கிறாள்.