ஆடிக்கொண்டே இருந்த ஈசல்

சின்னவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை. "சித்தி, நமக்கு ஒரு ஈசல் வேணும்" என்றாள்.

சித்தி என்றால் அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வந்தவள். வந்து வருஷம் திரும்பவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை அவளுக்கு. மயிரிழை பிசகினாலும் லென்ஸ் உட்காராது என்பதால் எதையும் இரண்டு தரம் பார்த்த பிறகுதான் நம்புவாள். இப்போது தன் காதையே நம்ப முடியாமல் நின்றாள்.

"ஈசலா? மழை பெய்ஞ்சா விளக்கைச் சுத்துமே, அதுவா? அதை வெச்சு என்னடி பண்ணப் போற?"

"அது இல்ல சித்தி. அதுல படம் வரையணும்."

"ஈசல் மேலயா?"

சின்னவள் பேந்தப் பேந்த முழித்தாள். பெரியவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "மூணு கால் இருக்கும். அதுல பலகையைச் சாய்ச்சு வெச்சு, நின்னுக்கிட்டே பெயிண்ட் அடிப்பாங்க. அதுக்குப் பேரு ஈசல்."

பெரியவள் தானாக வாய் திறந்து இவ்வளவு பேசியது அதிசயம். வழக்கமாக ஒரு "ம்", ஒரு "தெரியல", அதோடு சரி. அது கோபமா, கூச்சமா, இல்லை சுபாவமே அப்படியா என்று சித்திக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளையிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்பதும் தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். ஆனால் அந்த நாலு வார்த்தை அவளுக்குப் போதுமானதாக இருந்தது. ஈசலை நாமே செய்துவிடலாம் என்றாள்.

லாரி ஓட்டிக்கொண்டு எங்கோ தூரத்தில் இருந்த அவர்களுடைய அப்பா, "பரண்ல பழைய கட்டில் சட்டம் கிடக்கு, அறுத்துக்க" என்று போனில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பழைய பேப்பரை விரித்து மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சித்தி ரம்பம் பிடித்தாள். பெரியவள் சட்டத்தின் மறுமுனையை மிதித்துக்கொண்டாள். சின்னவள் ஸ்க்ரூக்களை மடியில் கொட்டி அளவு வாரியாகப் பிரித்தாள். முன்னால் இரண்டு கால், நடுவில் பலகை உட்கார ஒரு குறுக்குச் சட்டம், பின்னால் கீல் வைத்து ஒரு கால். கண்ணாடிக் கடைக் கைக்கு மரவேலை புதுசு. கீலைத் திருப்பிப் போட்டுவிட்டாள். தூக்கி நிறுத்தினால் பின்கால் பின்னால் போகாமல் முன்னால் வந்து எட்டி உதைத்தது. சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பெரியவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை, அவளும் சிரித்துவிட்டாள்.

கீலைக் கழற்றி மாட்டி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, கால் அகலாமல் இருக்கக் கயிறு கட்டி நிறுத்தியபோது பொழுது சாய்ந்துவிட்டது. சித்தி பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. "இனி நீங்களாச்சு, உங்க ஈசலாச்சு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால் ஈசல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ஒரு ஸ்க்ரூவைக் காணோம். துளையைப் பெரிசாகப் போட்டுவிட்டோமோ என்று வேறொன்றைப் போட்டு முறுக்கினாள். அதற்கு அடுத்த நாள் கீல் ஆடியது. அதை முறுக்கினால் குறுக்குச் சட்டம் தொங்கியது. மரம் உளுத்துப் போனதோ என்று நகத்தால் கீறிப் பார்த்தாள். கல்லு மாதிரி இருந்தது. ஒரு நாள் பலகையே சரிந்து விழுந்து, நீலப் பெயிண்ட் கூடம் முழுக்க ஓடியது. தரையைத் துடைக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. கழன்ற ஸ்க்ரூ என்றால் கீழேதானே கிடக்க வேண்டும்? ஒன்றுகூட இல்லை.

யாரோ கழற்றுகிறார்கள். யார் என்று யோசிக்கும்போதே வேறொன்று பொறி தட்டியது. அந்தக் கட்டில். அதில் படுத்தவள் யார்? கேட்காமல் கொள்ளாமல் ரம்பத்தை வைத்து அறுத்துவிட்டோமே. அதையும் பெரியவளை விட்டே மிதிக்கச் சொல்லி.

கணவருக்குப் போன் போட்டாள். "அந்தக் கட்டில் யாரோடது?"

"எது, பரண்ல இருந்ததா? அவ படுத்ததா இருக்கும்... இல்ல இல்ல, முன்னாடி குடியிருந்தவங்க விட்டுட்டுப் போனதோ? ஞாபகம் இல்லையே. ஏன்?"

"ஒண்ணுமில்ல, வண்டியைப் பாத்து ஓட்டுங்க."

கலங்கின குட்டையை மனுஷர் இன்னும் கொஞ்சம் கலக்கிவிட்டார்.

பெரியவள் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சித்தி பக்கத்தில் போய் நின்று, ஒரு துண்டை எடுத்து உதறி, மறுபடி உதறி, கடைசியில் கேட்டேவிட்டாள்.

"அந்தக் கட்டில் உங்க அம்மாவோடதா?"

"எந்தக் கட்டில்?"

"ஈசலுக்கு அறுத்தமே."

"அம்மாவுக்கு முதுகு வலி. தரையிலதான் படுப்பாங்க. அந்தக் கட்டில் அப்பவே உடைஞ்சு கிடந்துச்சு." பெரியவள் நிஜமாகவே புரியாமல் பார்த்தாள். "ஏன் கேக்குறீங்க?"

"பின்ன எதுக்கு ஸ்க்ரூவைக் கழட்டுற?"

"நான் கழட்டல." கிளிப்பைக் கையில் உருட்டினாள். "ஒண்ணே ஒண்ணுதான். அது ரொம்ப இறுக்கமா இருந்துச்சு, அவளால முடியல."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த சின்னவள் தானாகவே வெளியே வந்து பென்சில் டப்பாவை நீட்டினாள். உள்ளே அத்தனை ஸ்க்ரூவும் இருந்தன.

"எதை வெச்சுடி கழட்டின?"

"ஸ்பூன் காம்பால."

"எதுக்கு?"

சின்னவள் கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்தாள். "ஆடினாத்தானே நீங்க வந்து உக்காருவீங்க."

சித்தி டப்பாவை வாங்கிக்கொண்டாள். பெரியவள் பக்கம் திரும்பினாள். "உனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா நீங்க கெட்டியா முறுக்கிட்டு உள்ள போயிடுவீங்க." சொல்லிவிட்டு ஈரத்துணிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

இவ்வளவு நாளாக அந்த "ம்"முக்கும் "தெரியல"வுக்கும் தான் போட்டு வைத்திருந்த அர்த்தமெல்லாம் என்ன ஆயிற்று என்று சித்திக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"அப்போ ஈசல் வேணுமா, வேண்டாமா?"

"வேணும்" என்றாள் சின்னவள். "ஆனா எனக்கு மேல எட்டல."

"ஒரு ஸ்டூல் செய்யணும்" என்றாள் துணிக்குப் பின்னாலிருந்து பெரியவள். "சட்டம் இன்னும் மிச்சம் இருக்கு."

சித்தி முதலில் ஈசலின் மூட்டுகளுக்கெல்லாம் மரப்பசை தடவி, ஸ்க்ரூக்களை இறுக்கினாள். பிறகு உள்ளே போகவில்லை. அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மிச்சச் சட்டத்தை மடியில் வைத்துக் கோடு போட்டாள். யாரும் சொல்லாமலே பெரியவள் வந்து மறுமுனையை மிதித்துக்கொண்டாள்.

ரம்பத்தை வைக்கப் போகும்போது, "இருங்க சித்தி" என்றாள் பெரியவள். "கோடு கோணலா இருக்கு."

சித்தி குனிந்து பார்த்தாள். கோணலாகத்தான் இருந்தது.