மீனம்மாவின் மஞ்சள் உருண்டை

சேகரன் சிங்கப்பூருக்குப் போய் நவீன ஓவியம் கற்றுவந்தவன். கற்றதன் பலனாக, அவன் வரையும் மனிதர்கள் மனிதர்களைப் போல இருப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

மலாயாவில், மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டும் மீனம்மாவை வரைந்தான். பச்சை முகம், ஒற்றைக் கண், இடுப்பில் பெரிய மஞ்சள் உருண்டை. அவள் புருஷன் தம்புசாமி நெடுநேரம் பார்த்தார்.

"பலாப்பழம் நல்லா வந்திருக்கு தம்பி. மீனம்மா எங்க?"

சேகரன் அன்று சோறு தின்னவில்லை. படத்தின் அடியில் பெரிதாக 'மீனம்மா, மெர்லிமாவ்' என்று எழுதிவைத்தான்.

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலச் சட்டம் நடந்த நேரம். கூடி நின்று படம் பார்க்கவும் போலீஸ் அனுமதி வேண்டும். ஆகவே மலாக்கா டவுனில் அவன் வைத்த கண்காட்சிக்கு வந்த ரசிகர்களில் பாதிப்பேர் போலீஸ். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக் கூடாதென்று எஸ்டேட் பெண்களைக் கேட்டில் நிறுத்தி மடியைத் தடவிப் பார்த்தே பழகிய தமிழ் இன்ஸ்பெக்டர், நேராக மஞ்சள் உருண்டைக்கு வந்தார்.

"இது என்ன?"

"அது அவளோட ரகசியம் சார். உலகத்துக்குத் தெரியாம அவ சுமக்கறது."

இப்படி அக்கறையோடு கேட்ட முதல் ரசிகர் அவர்தான். சேகரனுக்குப் பேச்சு நிற்கவில்லை.

மறுநாள் காலை மீனம்மாவைக் கேட்டில் பிடித்தார்கள். மடியில் அரிசி இல்லை. இல்லாததால் சந்தேகம் கூடியது. விசாரணை இல்லாமலே அடைத்துவைக்கவும் கப்பலேற்றவும் சட்டத்தில் வசதி இருந்தது.

தம்புசாமி ஓடிவந்தார். "இந்தியாவுக்கு அனுப்பிடுவாங்களாம் தம்பி. அவ பொறந்ததே மெர்லிமாவ்லதான், அங்க யாரத் தெரியும் அவளுக்கு? படத்துல இருக்கறது அவ இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்களாம். சொல்லிடுங்க லா."

"சொல்றேண்ணே" என்றான் சேகரன். உண்மையிலேயே சொல்லத்தான் போனான்.

ஸ்டேஷனில் மேசைமேல், கண்காட்சியிலிருந்து பறிமுதல் செய்த படம் சாய்ந்திருந்தது. அதன் பக்கத்தில் மீனம்மாவை நிறுத்தியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கென்னவோ ஒத்துப்போகல மிஸ்டர் சேகரன். மூக்கு இல்ல, காது இல்ல. சும்மா ஒரு பேரை எழுதிட்டீங்களா? இது இவங்க இல்லதானே? சொல்லுங்க, அனுப்பிடறேன்."

கான்ஸ்டபிள் சிரித்தார். "என் மவன் இதவிட நல்லா வரைவான் சார்."

சேகரனின் காது சிவந்தது.

"சொல்லுங்க தம்பி" என்றாள் மீனம்மா. "அது நான் இல்லைன்னு சொல்லுங்க. என்னைப் பார்த்தா அப்படியா இருக்கு?"

"உங்களுக்குத் தெரியாதுக்கா" என்றான் சேகரன். "கண்ணாடியில தெரியறது வெறும் தோலு. இதுதான் நீங்க. சார், இது மீனம்மாதான். அச்சு அசல் மீனம்மா."

இன்ஸ்பெக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

லாரி வந்தது. மீனம்மாவைக் கையைப் பிடித்து ஏற்றினார்கள். சாட்சியமென்று படத்தையும் ஏற்றினார்கள்.

சேகரன் பின்னாலேயே ஓடினான்.

"மெதுவா சார், மெதுவா! ஓரத்தைப் பிடிச்சுத் தூக்குங்க. பெயிண்ட் இன்னும் காயல!"