பெயர் மாற்றப்பட்டுள்ளது

மூன்றாவது பீரியடில் தமிழ்ச்செல்வி மேடம் ஜெராக்ஸ் தாள்களை முதல் பெஞ்சில் கொடுத்து, "ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் பின்னாடி தள்ளுங்க" என்றபோது, சுபலட்சுமி தன் தாளை உடனே படிக்கவில்லை. அடுத்த வாரம் வகுப்பின் முன்னால் நின்று அதை விளக்கப்போகிறவளே அவள்தான். பொறுமையாக வீட்டில் வைத்துப் படிக்கலாம் என்று இரண்டாக மடித்து நோட்டுக்குள் செருகினாள். மேடம் அதையும் பார்த்துவிட்டார். "என்னம்மா, பிரசென்டேஷன் பண்றவளே மடிச்சு வெச்சா எப்படி?" என்று சிரித்தார். அதனால்தான் பிரித்தாள்.

பாடத்தின் பெயர் "ஆசியாவும் வளர்ச்சியும்." கேட்பதற்குப் பெரிய சங்கதி மாதிரி இருக்கும். சமயநல்லூர் தாண்டிக் கருவேலங்காட்டுக்கு நடுவில், மழை பெய்தால் இரண்டு இடத்தில் ஒழுகும் ஒரு கல்லூரியில், பொருளியல் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் முப்பத்தெட்டுப் பேர் உட்கார்ந்து ஆசியாவை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். போன வருடம் வரை அந்தப் பாடத்தை எடுத்தவர் நோட்ஸை வாசித்துவிட்டு மணி பார்ப்பார். தமிழ்ச்செல்வி மேடம் அந்த ரகமில்லை. டாக்டர் பட்டத்தை வடக்கே முடித்துவிட்டு இந்த ஜூனில்தான் வந்து சேர்ந்திருந்தார். கொரியாவைப் பற்றிப் பேசினாலும் வங்கதேசத்துத் தையல் ஆலைகளைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் "நம்ம தெருவுல இது எப்படி இருக்கு?" என்றுதான் முடிப்பார். நம்ம தெரு என்று ஒரு வாத்தியார் சொல்லி சுபலட்சுமி அதுவரை கேட்டதில்லை. மேடம் காலால் இட்ட வேலையைத் தலையால் செய்தாள். ஐதராபாத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் இதே படிப்பை எம்.ஏ.வாகப் படிக்கலாம் என்று சொன்னதும் மேடம்தான், விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியதும் மேடம்தான். நுழைவுத் தேர்வு நன்றாக எழுதியிருந்தாள். இப்போது அழைப்புக்காகக் காத்திருக்கிறாள்.

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. மேடத்தின் ஆய்வேட்டிலிருந்து ஒரு பகுதி. "தனம் (பெயர் மாற்றப்பட்டுள்ளது), வயது நாற்பத்தொன்று. மதுரையின் நெசவுப் பகுதி ஒன்றில் வீட்டிலிருந்தபடி விசைத்தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பவர். கணவர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார்." அவள் வீடு இருக்கும் செல்லூரில் கல்லை விட்டெறிந்தால் இப்படிப்பட்ட ஒரு வீட்டின் மேல்தான் விழும். சுபலட்சுமிக்கு ஒன்றும் தோன்றவில்லை. நம்ம ஏரியாக்காரம்மா யாரோ என்று ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது.

அடுத்த பத்தியில், தனத்தின் மூத்த மகள் பத்தாம் வகுப்பில் சமூக அறிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கியதையும், அந்த மதிப்பெண் பட்டியலின் ஜெராக்ஸைத் தனம் சட்டம் போட்டு, சாமி படங்களின் வரிசையில் முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் மாட்டியிருப்பதையும் மேடம் எழுதியிருந்தார். காலையில்கூட அம்மா அதற்கும் சேர்த்துத்தான் சாம்பிராணி காட்டியிருந்தாள்.

சுபலட்சுமி அந்த வரியை மறுபடி படித்தாள். வேறு யார் வீட்டிலாவது இப்படி மாட்டியிருப்பார்களா என்று யோசித்துப் பார்த்தாள். பிறகு கீழே போனாள். போயிருக்க வேண்டாம்.

"மகள் சென்னையில் விடுதியுடன் கூடிய ஒரு மகளிர் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தார். வீட்டில் இருந்த ஒரே கைபேசி தனத்துடையது. நேர்காணலுக்கு வரச்சொல்லிக் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தபோது, மகளுக்கு விருப்பமில்லை என்று தனமே சொல்லிவிட்டார். மகளிடம் அழைப்பு வரவில்லை என்றார். தனத்தின் சொற்களில்: 'எங்கண்ணன் மகனுக்குத்தான்னு சின்னதுலயே பேசி வெச்சது. மெட்ராஸ் போயிட்டா திரும்ப வரமாட்டா. இங்கனக்குள்ளயே மூணு வருசம் படிக்கட்டும். அதுக்குள்ள அண்ணன் வீட்டுல மாடி எடுத்துருவாக.'" அதற்குக் கீழே மேடத்தின் வரி: "குடும்பத்துக்குள் தகவலைக் கட்டுப்படுத்துவது பெண்களின் பேர வலிமைக்கு ஒரு வழியாகிறது."

மூன்று வருடமாக சுபலட்சுமி ஒரு விஷயத்தை நம்பிக்கொண்டிருந்தாள். தன் ஆங்கிலம் மோசம். அந்த விண்ணப்பத்தில் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள், அதைப் படித்துப் பார்த்துத்தான் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அந்த ஜூன் மாதம் முழுக்க, காலையில் டைப்பிங் கிளாஸுக்குப் போன நேரம் போக, அம்மாவின் போன் அடிக்கும்போதெல்லாம் அவள் ஓடி வந்திருக்கிறாள். கடைசித் தேதி தாண்டிய அன்றைக்கு அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தாள். "அவுக நம்ம ஊருப் பிள்ளைகள எல்லாம் எடுக்க மாட்டாக, விடு. நீ எம்புட்டு வேணாலும் இங்கனயே படி, நான் இருக்கேன்ல" என்று முதுகைத் தடவினாள். அந்தக் கையை நினைத்ததும் சுபலட்சுமிக்கு முதுகு கூசியது. அன்றிலிருந்து பஸ்ஸில், மாடியில், கக்கூஸில்கூட ஆங்கிலப் பேப்பரைச் சத்தம்போட்டுப் படித்தவள் அவள். இந்தத் தாளை ஒரு சொல் விடாமல் புரிந்துகொள்ளும் அளவுக்கு அவளுடைய ஆங்கிலம் தேறியிருந்தது.

வகுப்பில் விவாதம் தொடங்கிவிட்டது. ராம்கி எழுந்து, "மேடம், அந்தம்மாவுக்கு வீட்டுல வேற எதுலயும் பவர் இல்ல. இந்த ஒரு விஷயத்துல அவங்களே முடிவெடுத்திருக்காங்க. இதையும் ஏஜென்சின்னு, சுயமா முடிவெடுக்கிற சக்தின்னுதான சொல்லணும்?" என்றான். நல்ல பாயிண்ட் என்றார் மேடம். கரும்பலகையில் எழுதிக் கீழே ஒரு கோடும் போட்டார். இன்னொருத்தி, பொண்ணோட ஏஜென்சி என்ன ஆச்சு என்று கேட்டாள். அதுவும் நல்ல பாயிண்டுதான். பக்கத்தில் இருந்த ஜஸீலா சுபலட்சுமியின் காதோரம் குனிந்து, "பாவம்டி அந்தப் பொண்ணு. இன்னைக்கு வரைக்கும் தெரிஞ்சிருக்காது" என்றாள். சுபலட்சுமி தலையை ஆட்டினாள்.

மதியம் ஸ்டாஃப் ரூமில் மேடம் மட்டும் இருந்தார், டிபன் பாக்ஸைக் கழுவி வந்து துடைத்துக்கொண்டிருந்தார். "வாம்மா, ஸ்லைடு போட்டுக்கிறியா, பேசியே சமாளிச்சிருவியா?" என்றார்.

"மேடம், அந்தத் தனம் எங்கம்மா."

மேடம் முதலில் சிரிக்கப் போனார். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "செல்லூரா நீ? பைபாஸ் பக்கம்னு நெனச்சேனே." டிபன் பாக்ஸ் மூடியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. அடுத்து அவர் கேட்டது: "கிளாஸ்ல வேற யாருக்காவது இது தெரியுமா?"

அந்தக் கேள்வியில்தான் சுபலட்சுமிக்கு ஏதோ விட்டுப்போனது. இந்த மனுஷியிடம் அழுதுவிடலாம் என்றுதான் படியேறி வந்திருந்தாள்.

"இல்ல மேடம்."

"நான் பேரை மாத்தித்தான போட்டேன். தெருப் பேருகூடப் போடல. எல்லாருக்கும் அப்படித்தான் செய்யறது."

"பேரை மட்டும்தான் மேடம் மாத்தியிருக்கீங்க."

மேடம் உட்கார்ந்தார். உங்கம்மா என்னை நம்பித்தான் பேசினாங்க, மூணு நாள் போனேன், மக டைப்பிங் கிளாஸ் போயிருக்கான்னாங்க, மூணாவது நாள்தான் இதைச் சொன்னாங்க, சொல்லிட்டு அழுதாங்க என்றார். மேடத்தின் குரலில் வருத்தம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் சுபலட்சுமிக்குத் தெரியவேண்டியது வேறு.

"அவங்க உங்ககிட்ட சொன்னப்ப அந்தக் காலேஜுல அட்மிஷன் முடிஞ்சிருச்சா மேடம்?"

மேடம் டிபன் பாக்ஸை மூடி அழுத்தினார். "ஒரு வாரமோ என்னமோ இருந்திருக்கும்" என்றார் கடைசியில். "ஃபீல்டுக்குப் போறவங்க அதுல எல்லாம் தலையிடக் கூடாதும்மா. அவங்க நம்பிச் சொன்னதை நான் எப்படி உங்கிட்ட வந்து சொல்ல முடியும்? அப்ப நீ யாருன்னே எனக்குத் தெரியாதே."

"ஆனா எழுதலாம்."

"சுபா." மேடம் அவளுடைய கையைப் பிடிக்க வந்தார், அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இதை வெளிய பெரிசு பண்ணிராதம்மா. அடுத்த வாரம் வேற கேஸ் தாரேன், நீ அதை எடுத்துப் பேசு. உன் ஐதராபாத் விஷயத்துல நான் எப்பவும் உன் பக்கம்தான், கடுதாசி எழுதுனவளே நான்தான?" மிரட்டலா ஆறுதலா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு குரலில் சொன்னார். அவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கலாம்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதுவும் யார் மேல் என்று நிலையில்லாமல் மாறி மாறி வந்தது. பேரையூர் மாமா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மாமா மகன் அழகுபாண்டி ஏன் அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருக்கிறான், அத்தை ஏன் மாடிப்படிக்கு எந்தக் கல் பதிக்கலாம் என்று அவளிடம் கேட்கிறாள் என்பதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாகப் புரிந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவளுக்குத் தெரிவிக்க ஒரு ஆய்வேடு தேவைப்பட்டிருக்கிறது.

வீட்டுக்குள் நுழைந்தபோது நாலு மணிகூட ஆகவில்லை. அம்மா முத்துத்தாய் சின்ன மோட்டார் மாட்டிய ராட்டையின் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். "சீக்கிரம் வந்துட்ட? சோறு இருக்கு, போட்டுச் சாப்பிடு" என்றாள், நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சுபலட்சுமி கை கால் கழுவவில்லை. அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, தாளைப் பிரித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். மோட்டார் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தவேண்டியிருந்தது. தனம் என்றதும் முத்துத்தாய் யாரது என்றாள். மதிப்பெண் பட்டியல் வந்தபோது சாமி படங்களைத் திரும்பிப் பார்த்தாள். போன் வந்த வரியைச் சொல்லி முடித்தபோது அவள் முகம் கறுத்துப்போயிருந்தது.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னுச்சே அந்தப் பொண்ணு" என்றாள் முத்துத்தாய். "என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணாத குறைதான். என் கையாலதான அதுக்குக் காப்பி போட்டுக் குடுத்தேன்."

"அதாம்மா உனக்கு வருத்தம்?"

முத்துத்தாய் அறுந்த நூலின் நுனியைத் தேடினாள்.

"முப்பது நாப்பது பேரு உக்காந்து உன்னையப் பத்திப் பேசுனாய்ங்க. நீ செஞ்சது சரிதான்னு ஒருத்தன் சொன்னான். நான் அங்கனதான் இருந்தேன்." சுபலட்சுமியின் குரல் உடைந்தது, அதற்காக அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. "எனக்கு இங்கிலீசு வராதுன்னு நெனச்சு எம்புட்டு அழுதேன். பக்கத்துலயே படுத்துருந்தியே. யாரோ ஒருத்திகிட்டச் சொன்னத எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"அந்தப் பொண்ணு கேட்டுச்சு" என்றாள் முத்துத்தாய். "மூணு நாளு வந்து உக்காந்து, உங்களுக்கு என்னக்கா வேணும், உங்களுக்கு என்னக்கா பயம்னு கேட்டுச்சு. எங்கிட்ட யாரு அப்படிக் கேட்டா? உங்கப்பன் கேட்டானா, நீ கேட்டியா?" சொல்லும்போதே அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது போலிருந்தது. நூலை இழுத்து முடி போட்டாள். "அண்ணன் இல்லேன்னா நமக்கு யாரு இருக்கா இங்க? வாக்குக் குடுத்துட்டேன்டி."

சுபலட்சுமிக்குச் சண்டை போட இன்னும் நிறைய இருந்தது. ஆனால் நடுவில் வேறொன்று ஓடியது. கல்லூரியில் வாசலிலேயே போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட வேண்டும். ஐதராபாத் விண்ணப்பத்தில் இரண்டு எண் கேட்டிருந்தார்கள், மாணவருடையது ஒன்று, பெற்றோருடையது ஒன்று. முதலாவது அணைந்திருந்தால் இரண்டாவதுக்குத்தான் அடிப்பார்கள். இரண்டாவதை யோசிக்காமல்தான் எழுதினாள். அம்மாவின் இந்த எண்ணைத் தவிர வேறு எதையும் அவள் மனப்பாடமாக வைத்திருந்ததில்லை.

"அம்மா. இந்தத் தடவையும் போன் வந்துச்சா?"

முத்துத்தாய் மகளைப் பார்க்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துத் தரையில் வைத்து, விரலால் மகள் பக்கம் நகர்த்தினாள். "நீயே பாத்துக்க" என்றாள்.

சுபலட்சுமி வந்த அழைப்புகளைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். அண்ணன், அண்ணன், முதலாளி, சோணை, அண்ணன். வெள்ளிக்கிழமை பதினொன்றே காலுக்கு, பெயர் இல்லாத ஒரு எண், சைபர் நாலு சைபர் என்று ஐதராபாத் கோடில் தொடங்கியது. நாலு நிமிடம் பேசியிருந்தது. விருப்பமில்லை என்று சொல்ல நாலு நிமிடம் ஆகாது. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கவேண்டும், இல்லையென்றால் அம்மா திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கவேண்டும். மணி நாலு ஐந்து. ஆபீஸில் ஆள் இருக்கும்.

அந்த எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். ராட்டைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டாள். மணி அடிக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

முத்துத்தாய் எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினாள். பிறகு பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் உள்ளே வராதபடி ஜன்னல் கதவைச் சாத்தி, அது திறந்துகொள்ளாமலிருக்க அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றாள்.