மூன்று போதாதாம்

மகளின் எடை எவ்வளவு என்று றோஸ்மேரி கேட்டதும், கதிர்காமநாதன் கண் இமைக்காமல் அறுபது கிலோ என்றார். மகள் கம்சாயினி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். பதின்மூன்று வயது, மெலிந்த தேகம். அது அறுபது இல்லை என்பது கண் இருக்கிற எவருக்கும் தெரியும்.

றோஸ்மேரி மேசைக்குக் கீழேயிருந்த தராசைக் காலால் இழுத்துப் போட்டாள். நாற்பத்தாறு காட்டியது. அதைப் படிவத்தில் எழுதும்போதே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹென்டர்சனில் இந்தக் கடையின் பின்கட்டில் பதினொரு வருடமாகப் பனிச்சறுக்குப் பலகைகளைச் சரிபார்த்துக் கொடுக்கிறாள். தங்கள் எடையைக் குறைத்துச் சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறாள். பெற்ற பிள்ளையின் எடையைக் கூட்டிச் சொல்லும் தகப்பனை இன்றுதான் பார்க்கிறாள்.

வேலை என்னவோ சின்ன வேலைதான். பிள்ளைக்குக் கால் வளர்ந்துவிட்டது, புதுப் பூட்ஸ் வாங்கியாயிற்று. பூட்ஸைப் பலகையோடு கவ்விப் பிடிக்கும் பைண்டிங் இன்னும் பழைய பூட்ஸின் நீளத்திலேயே நிற்கிறது. குதிக்கால் பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளி, அழுத்தம் சரியா என்று பார்த்து, கடைசியாக அதன் சுருள்வில்லை எவ்வளவு இறுக்குவது என்று ஓர் எண் வைக்கவேண்டும். எடை, உயரம், வயது, பூட்ஸின் நீளம், சறுக்குகிறவரின் பழக்கம் எல்லாவற்றையும் வைத்து அட்டவணை சொல்கிற எண் அது. விழுந்து கால் முறுகும்போது, அந்த எண்ணுக்குரிய விசை வந்ததும் பைண்டிங் வாயைத் திறந்து பூட்ஸை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் எலும்பு முறியும், இல்லையேல் முழங்கால் போகும்.

கம்சாயினிக்கு அட்டவணை மூன்று என்றது.

"போன வருசம் மூண்டரை," என்றார் கதிர்காமநாதன். "காசு குடுத்துப் புதுச் சப்பாத்து வாங்கினா, கூடவெல்லோ வேணும். எப்பிடித் தங்கச்சி குறையும்?"

றோஸ்மேரி பொறுமையாகத்தான் விளக்கினாள். பூட்ஸ் நீண்டால் அதே இறுக்கம் காலை இன்னும் பலமாக முறுக்கும், அதனால் சுருள்வில்லைக் கொஞ்சம் தளர்த்தித்தான் ஆகவேண்டும் என்றாள். அவர் தலையை ஆட்டினார். காதில் வாங்கவில்லை.

"வசீகரன்ர மகனுக்கு ஆறு," என்றார்.

அப்படி வாருங்கள். விசயம் இதுதான். நம்முடைய தகப்பன்மாரில் சிலருக்கு எந்த எண்ணைக் கண்டாலும் பரீட்சைப் புள்ளிதான். கணக்கில் எத்தனை, பியானோவில் எத்தனையாவது கிரேட், நீச்சலில் எத்தனையாவது நிலை என்று கேட்டுக் கேட்டு, இப்போது பைண்டிங்குக்கும் வந்துவிட்டார்கள். கதிர்காமநாதனும் வசீகரனும் கிளென் ஈடனில் இரண்டு தெரு தள்ளி இருக்கும் கூட்டாளிகள். பள்ளி விடுமுறைக்கு இரு குடும்பமும் சேர்ந்தே பனிமலைக்குப் போகும். இந்த முறை வசீகரன் குடும்பம் இன்று காலையே புறப்பட்டுப் போய்விட்டது, இவர்கள் பின்னேரம் புறப்படுகிறார்கள். போன வருடம் எல்லாருக்கும் முன்னால் கம்சாயினி விழுந்து, பலகை கழன்று சரிவில் தனியாக ஓடிற்றாம். வசீகரன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம். கதிர்காமநாதன் இதை ஒரு குடும்ப அவமானமாகவே சொன்னார்.

றோஸ்மேரி கணினியைத் திருப்பிப் பார்த்தாள். வசீகரனின் மகன் நிதினுக்குப் போன கிழமை அவளே செய்து கையெழுத்துப் போட்டிருந்தாள். அதில் இருந்தது நான்கு.

"ஆறு இல்லை அண்ணை, நாலு. நான்தான் வச்சனான்."

கதிர்காமநாதன் சிரித்தார். "நீர் நாலு வச்சனீர். அவன் வீட்டை கொண்டுபோய் ஆறாக்கிப் போட்டான். ஒரு ஸ்க்ரூதானே தங்கச்சி. நீர் செய்யாட்டி நானே வீட்டை போய்ச் செய்வன்."

றோஸ்மேரிக்கு உள்ளங்கால் முதல் உச்சிவரை எரிந்தது. ஒரு ஸ்க்ரூவாம். ஒரு பிள்ளையின் காலை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பெரிய மனிதர்கள் போட்டி போடுகிறார்கள், அதற்குப் பெயர் ஒரு ஸ்க்ரூ. அவள் கத்தவில்லை. புதுப் பூட்ஸைப் பலகையில் மாட்டி, பலகையைச் சோதனை மேசையில் இறுக்கி, பூட்ஸுக்குள் இரும்புக் காலை இறக்கிப் பூட்டினாள். அந்தக் காலை முறுக்குகிற நீண்ட கைபிடியை அவர் கையில் கொடுத்தாள்.

"மூண்டில நிக்குது. திருப்புங்கோ."

அவர் திருப்பினார். பைண்டிங் சட்டென்று திறந்து பூட்ஸ் வெளியே வந்தது. இவ்வளவுதானா என்கிற மாதிரி அவளைப் பார்த்தார். அவள் ஸ்க்ரூவைத் திருகி, எண் காட்டும் சின்னச் சாளரத்தில் ஆறு வரும்வரை இறுக்கினாள்.

"இப்ப திருப்புங்கோ."

ஒரு கையால் இழுத்தார், அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு காலை மேசையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். மேசை முனகிற்று. கடைசியில் படாரென்று பூட்ஸ் தெறித்தபோது, அவர் தள்ளாடிப்போய் அலமாரியில் இடித்துக்கொண்டார்.

"நீங்கள் முறுக்கினது இரும்பை," என்றாள் றோஸ்மேரி. "உங்கட பிள்ளையின்ர கால், இந்தச் சத்தம் கேக்கிறதுக்கு முன்னமே முறிஞ்சிருக்கும்."

கம்சாயினி அப்போதுதான் வாயைத் திறந்தாள். ஆங்கிலத்தில், தகப்பனைப் பார்க்காமல் சொன்னாள். போன வருடம் அவள் விழுந்தது பலகை கழன்றதால் இல்லையாம். முதலில் விழுந்தாளாம், கால் திரும்பிற்றாம், அதனால் கழன்றதாம். கழன்றபோது நிம்மதியாக இருந்ததாம். அதை யாரும் அவளிடம் கேட்கவே இல்லையாம்.

கதிர்காமநாதன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூன்றே வையும் என்றார். றோஸ்மேரி வைத்து, மூன்று தரம் சோதித்து, கையெழுத்துப் போட்டாள். அதோடு முடிந்தது என்று அவர் பலகைகளைத் தூக்கினார். அவளுக்கு முடியவில்லை. வசீகரனின் தொலைபேசி எண்ணைத் தேடி எடுத்து அழைத்தாள். கடையிலிருந்து என்றதும், பைண்டிங் இப்போது நல்ல இறுக்கம், உங்கள் வேலைதான் கொஞ்சம் லூஸ் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை.

"நீங்கள் கோல் எடுங்கோ அண்ணை. உங்கட நம்பர் எண்டா எடுப்பார்."

அவர் தயங்கினார். அது அவர்கள் வீட்டு விசயம் என்றார். தான் சொன்னால் பொறாமையில் சொல்வதாக வசீகரன் நினைப்பான், தன் பிள்ளைக்கு மூன்று என்று வேறு தெரிந்துவிடும் என்றார். இதைச் சொல்ல அந்த மனிதருக்கு வெட்கமாகவே இல்லை.

"நாளைக்குக் காலமை அந்தப் பெடியன் மலையில ஏறப்போறான்," என்றாள் றோஸ்மேரி. "உங்கட பிள்ளையின்ர கால் மட்டும்தான் கால் எண்டால், தயவுசெய்து இனி இந்தக் கடைக்கு வராதையுங்கோ."

கம்சாயினி இதற்குள், பைண்டிங்கைத் திரும்ப நான்காக்கு என்று நிதினுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். பதில் வந்ததும் தொலைபேசியைத் தகப்பனின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அப்பா அதைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று நிதின் எழுதியிருந்தான்.

கதிர்காமநாதன் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு தன் தொலைபேசியை எடுத்தார். முதல் மணியிலேயே வசீகரன் எடுத்துவிட்டார். அந்தப் பக்கத்துக் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. எப்ப வாறியள், பிள்ளைக்கு எத்தினை வச்சவை என்றுதான் முதலில் கேட்டார்.

"மூண்டு," என்றார் கதிர்காமநாதன்.

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. கதிர்காமநாதனின் முகம் கறுத்தது. கையிலிருந்த தொலைபேசி ஒருமுறை கீழே இறங்கியது. ஆனால் வைக்கவில்லை. மகளுக்கும் றோஸ்மேரிக்கும் முன்னால், கூட்டாளி சிரித்து ஓயும்வரை அதை மறுபடி காதில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சிரிச்சு முடிச்சிட்டியா? இப்ப கேள். நான் ஆறை வச்சு இரும்புக் காலை முறுக்கிப் பாத்தனான், என்னாலேயே லேசில ஏலாமப் போச்சு. நாளைக்கு மலையில இருக்கிற கடையில குடுத்து, நாலாக்கிச் சோதிச்ச பிறகுதான் பெடியனை ஏத்தவேணும். ஓம் எண்டு சொல்லு வசீ. நீ சொல்லுமட்டும் நான் வைக்கமாட்டன்."