டோக்கன் எடுத்து நின்றவை

ஏப்ரல் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பதினொன்றே கால் மணிக்கு, முந்தைய நாள் குப்பைக் கிடங்குக்கு அனுப்பப்பட்ட பிளைவுட் திமிங்கிலத்தின் வால் எல்வ்சுந்த் அறிவியல் அருங்காட்சியகத்துக்குத் திரும்பி வந்து, வாசலிலுள்ள இயந்திரத்தில் டோக்கன் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றது. எண் நாற்பத்தேழு. நாற்பத்தாறை வைத்திருந்த ஓய்வுபெற்ற கப்பல் சமையற்காரர் தன் கால் மிதிபடாதபடி சற்று நகர்ந்து இடம் விட்டார். வெளியே பூஜ்யத்துக்கு மேல் நான்கு டிகிரி, மிதமான காற்று.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு முந்தைய சனிக்கிழமை, அருங்காட்சியகத்தைப் பத்தொன்பது ஆண்டுகளாக நடத்திவந்த இயக்குநர் சிக்பிரிட், பூமியைப் பேணுவது பற்றிய புதிய கண்காட்சியை அறிவித்தபோது, இனி எங்களிடமிருந்து எதுவும் குப்பைக்குப் போகாது என்று ஊர்ப் பத்திரிகையிடம் சொல்லியிருந்தாள். பத்திரிகைக்குச் சொல்கிற விதத்தில் சொன்னதுதான். திங்கட்கிழமை வழக்கம்போலத் திமிங்கிலக் கண்காட்சியைப் பிரித்து, பலகை, விளக்கு, கம்பளம் எல்லாவற்றையும் குப்பைக்கான இரும்புப் பெட்டியில் போட்டு அனுப்பினாள். பூமியைப் பேணுவதற்கான புதுப் பலகைகள் மூன்று நாடுகளைக் கடந்து லாரியில் வரவிருந்தன. ஜூன் முதல் தேதி பத்து மணிக்குத் திறப்பு. அன்று திறக்காவிட்டால் அருங்காட்சியகத்தை மூடிவிட்டுக் கட்டடத்தை ஐஸ் ஹாக்கிச் சங்கத்துக்குக் கொடுப்பதென்று நகரசபை எழுத்தில் முடிவு செய்திருந்தது.

வாலைத் திருப்பி அனுப்பியிருக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பத்து வருடம் பேசாமல் இருக்கலாம். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். ஆனால் கையில் டோக்கன் வைத்திருப்பவரைப் போகச் சொல்ல முடியாது. நுழைவுச்சீட்டு மேசையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்த மைலிஸ் நாற்பத்தேழு என்று கூப்பிட்டாள். வால் முன்னால் வந்து நின்றது. ஒன்றும் சொல்லவில்லை.

"யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல," என்றாள் மைலிஸ்.

நான்கு நிமிடம் ஆனது. பிறகு மைலிஸ் அதை உள்ளே அனுப்பினாள்.

புதன்கிழமை தெர்மாகோல் எரிமலை வந்தது. வியாழக்கிழமை டைனோசரின் இரண்டு முழங்கால்கள் தனித்தனி டோக்கனோடு வந்தன. பிறகு கோள்கள், மின்கம்பிகள், ரத்த ஓட்டத்தைக் காட்டிய சிவப்புக் குழாய்கள் என்று முப்பத்தோரு ஆண்டுகளாக எறியப்பட்டவை எல்லாம் எறியப்பட்ட வரிசைக்கு நேர்மாறாக வந்தன. காலைக் காப்பி இடைவேளைகளில் கொட்டிய காப்பிச் சக்கைகள் எல்லாம் ஒரே டோக்கனைப் பகிர்ந்துகொண்டு வந்தன. எதுவும் முறையிடவில்லை. சரியான அலுவலகத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று தெரிந்தவர்களுடைய மௌனம் அது. அந்தக் கூடத்தில் நின்றவர்கள், அதன் பிறகு தங்கள் வீட்டு மௌனம் கொஞ்சம் மெல்லியதாகத் தெரிந்தது என்றார்கள்.

மே பன்னிரண்டாம் தேதி லாரி வந்தபோது பலகை இறக்க ஒரு சாண் இடமில்லை. சிக்பிரிட் மதியம் முழுக்க எரிமலைக்கும் செவ்வாய்க் கிரகத்துக்கும் நடுவில் நின்றாள். அருங்காட்சியகத் தச்சன் எப்பே ஒவ்வொரு பொருளாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது என் ஸ்க்ரூ. கோணலா இருக்கு பாரு. அன்னைக்கு எனக்குப் பல்வலி," என்றான்.

"இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கு, எப்பே. இதுங்கள நான் எங்க வைப்பேன்?"

"எதையும் தூக்கிப் போடமாட்டோம்னு நீதானே பேப்பர்ல சொன்ன. நான் படிச்சேன். இதுங்களும் படிச்சிருக்கும் போல."

"பேப்பர்ல சொல்றதையெல்லாம் யாராவது நம்புவாங்களா?"

"பிளைவுட் நம்புது."

சிக்பிரிட் வெளியே போய், லாரி ஓட்டுநருக்கு ஒரு பை நிறைய இலவங்கப்பட்டை ரொட்டி கொடுத்து, பலகைகளோடு திரும்பிப் போகச் சொன்னாள்.

அன்றிலிருந்து மைலிஸ் எண்ணைக் கூப்பிடுவாள், எப்பே வந்த பொருள்மேல் உள்ளங்கையை வைத்துக் காத்திருப்பான், அது என்னவாக விரும்புகிறதென்று தெரிந்ததும் சிக்பிரிட்டிடம் சொல்வான், அவள் ரம்பத்தை எடுப்பாள். வால், தேனீக்களின் அறைக்குக் கூரையானது. டைனோசரின் முழங்கால்கள் சின்னப் பிள்ளைகள் ஏறிப் பார்க்கும் படிகளாயின. எரிமலை உட்காரும் பெஞ்சானது. பழைய வண்ணத்தைச் சுரண்டவில்லை. அதனால் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு முதுகு கதகதத்தது. தேனீக் கூரைக்கடியில் உப்புக்காற்று அடித்தது. பழைய கடல் கண்காட்சியின் பலகைகளால் கட்டிய காட்டுக்குள் போன குழந்தைகள் ஈரக் காலுறையோடு வெளியே வந்தார்கள். பெற்றோர் மாற்றுக் காலுறை கொண்டுவரப் பழகிக்கொண்டார்கள்.

மே முப்பத்தொன்றாம் தேதி மாலை, மூடுகிற நேரத்தில், இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் டோக்கன் மட்டும் ஆளில்லாமல் அந்தரத்தில் நின்றது. மைலிஸ் கூப்பிட்டாள். அது மேசைக்கு வந்தது. அவளுடைய மூக்குக்கண்ணாடி பனித்துப்போனது. கட்டடம் கட்டிய நாள் முதல் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்கள் வழியாக வெளியே போன வெப்பம் அது என்று எப்பேக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

"கதவச் சாத்து, மைலிஸ். உள்ள வந்துடட்டும்," என்றான்.

இரவுக்குள் மூவருமாகப் பழைய கம்பளங்களை நாடாவாகக் கிழித்து ஜன்னல் இடுக்குகளையெல்லாம் அடைத்தார்கள். கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலனை அதற்குப் பிறகு எரிக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்குக் கண்காட்சி திறந்தது. நகரசபையினர் காட்டுக்குள் போய்வந்து, ஈரக் காலுறைகளைப் பிழிந்து பெஞ்சில் காயவைத்துவிட்டு, முந்தைய முடிவை ரத்து செய்தார்கள். சீக்கிரம் செய்தார்கள், திரும்பவும் காட்டுக்குள் போக வேண்டியிருந்தது. பிப்ரவரிக் குளிரில் அறிவியலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள் அரைக்கைச் சட்டையில் வந்து உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினார்கள். ஹாக்கிச் சங்கத்தார் கையுறை காயவைக்க வந்து, மாலைவரை காற்றாலைப் பிரிவில் விளையாடினார்கள். ஏழு ஆண்டுகளில் எங்கள் கடற்பலகைகள் ஆறு ஊர்களின் அருங்காட்சியகங்களுக்கு இரவலாகப் போய், ஒவ்வொரு முறையும் தாமாகவே திரும்பி வந்தன. டோக்கன்களையும் மைலிஸ் எறிவதில்லை. வாங்கிய சீட்டை இயந்திரத்திலேயே திரும்ப வைத்துவிடுவாள்.

அறுபத்தேழு வயதில் ஓய்வுபெற்ற சிக்பிரிட்டுக்குக் கேக் வெட்டி, ஒரு சைக்கிள் கொடுத்து, நல்ல உரையும் ஆற்றி வீட்டுக்கு அனுப்பினோம். புதிய இயக்குநர் வந்தார். அக்டோபரில், ஒரு புதன்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, சிக்பிரிட் வந்து டோக்கன் எடுத்துக்கொண்டு, உடைந்த மேசைவிளக்கு ஒன்றின் பின்னால் நின்றாள். விளக்கு அறுபத்திரண்டு. அது உள்ளே போனதும் மைலிஸ், தலை நிமிராமலே, அறுபத்துமூன்று என்றாள்.

சிக்பிரிட் மேசைக்கு வந்தாள்.

"யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல," என்றாள் மைலிஸ்.

நான்கு நிமிடம் ஆனது. மைலிஸ் அவளிடமிருந்து சீட்டை வாங்கி இயந்திரத்தில் திரும்ப வைத்துவிட்டு, உள்ளே அனுப்பினாள். பட்டறையில் எப்பே அவள் தோள்மேல் உள்ளங்கையை வைத்து, மற்ற எல்லாவற்றுக்கும் காத்திருப்பதுபோலக் காத்திருந்தான். பிறகு ரம்பத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தான். வெளியே பூஜ்யத்துக்கு மேல் நான்கு டிகிரி. மைலிஸ் அறுபத்துநான்கைக் கூப்பிட்டாள். அது ஒரு குடை.