வெறும் வயிற்றில் நாற்பத்தேழு

ரௌஷனுக்கு அந்த வெள்ளைப் பொடியின் மேல் கொலைவெறி வந்தது. உடம்புச் சூட்டுத் தண்ணீரில் ஒரு பகல், ஒரு ராத்திரி குலுக்கியாகிவிட்டது. காலையில் வந்து குடுவையைத் தூக்கிப் பார்த்தால், போட்டது போட்டபடி அடியில் உட்கார்ந்திருந்தது. இது மூன்றாவது தடவை.

அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நாற்பத்தேழு என்ற எண்தான். நாயிடமிருந்து ஒட்டும் புழுவால் ஆடு மேய்ப்பவர்களின் கல்லீரலில் வளர்கிற நீர்க்கட்டியை அது கண்ணாடித் தட்டில் சுத்தமாக ஒழித்துக் காட்டியது. ஆனால் மாத்திரையாக விழுங்கினால் குடலில் கரைய வேண்டும், ரத்தத்தில் ஏற வேண்டும். கரையாத மருந்தை விழுங்குவதும் சுண்ணாம்புக் கட்டியை விழுங்குவதும் ஒன்றுதான்.

ஆறு வருட உழைப்பு. அல்மாட்டி நகரில் அவள் தலை நரைத்ததே இந்த ஆய்வகத்தில்தான். மூன்று மணிக்கு இயக்குநர் மக்சூத் கூட்டம் போட்டிருந்தார். நாற்பத்தேழை வைத்துக்கொள்வதா, மூட்டை கட்டுவதா என்று அங்கே முடிவாகும்.

இதில் பெரிய வயிற்றெரிச்சல் நாய்கள்தான். நாலு நாய்களுக்கு ஒரே மாத்திரையைக் கொடுத்திருந்தார்கள். இரண்டின் ரத்தத்தில் மருந்தின் வாசனைகூட இல்லை. மற்ற இரண்டில் கொட்டிக் கிடந்தது. ரௌஷன் தராசைச் சந்தேகப்பட்டாள், வடிதாளைச் சந்தேகப்பட்டாள், கடைசியில் தன் கண்ணையே சந்தேகப்பட்டாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் நாய்க்கொட்டடிக்கு இறங்கினாள்.

கொட்டடியைப் பார்த்துக்கொள்ளும் ஜந்தோஸ், நாற்பது வயது ஆஜானுபாகு, அடுப்பில் சூப்புப் பானையைக் கிண்டிக்கொண்டிருந்தான். ஆட்டு வால் கொழுப்பின் மணம் மூக்கைத் துளைத்தது.

"யாருக்குடா இந்த சோர்பா?"

"எனக்குத்தான் அப்கே. மிச்சம் இருந்தா இதுங்களுக்கும்." ரௌஷன் அவனுக்கு அப்கே, மூத்த அக்கா.

ரௌஷனுக்குத் திக்கென்றது.

"மாத்திரை குடுத்த அன்னிக்குமா ஊத்துன?"

"எல்லாத்துக்கும் இல்ல. அந்த ரெண்டும் கொழுத்துக் கெடக்குதுங்க, பட்டினி தாங்கும். இதுங்க ரெண்டும் எலும்பும் தோலுமா இருக்குதே! வெறும் வயித்துல கசப்பு மருந்தைத் திணிக்கச் சொல்றீங்க, நம்ம வீட்டுல யாருக்காவது அப்படிச் செய்வோமா?"

"பன்னெண்டு மணி நேரம் பட்டினின்னு நாலுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கியேடா, பாவி!"

"கையெழுத்து நீங்க கேட்டீங்க, போட்டேன். பசின்னு இதுங்க கேட்டுச்சு, ஊத்துனேன்."

அவனை அறையக் கை பரபரத்தது. அப்போதுதான் உறைத்தது. மருந்து ஏறியிருந்தது இந்த மெலிந்த இரண்டின் ரத்தத்தில்தான். தண்ணீரில் கரையாத சனியன் கொழுப்பில் கரைந்திருக்கிறது. மூன்று மாதமாக அவள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விக்கு விடை இந்தப் பானைக்குள் கொதித்துக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் நடந்ததை நடந்தபடி சொன்னாள். மக்சூத் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீங்க வாயைத் திறக்காம இருந்திருக்கலாம், ரௌஷன். நல்லா ஏறின ரெண்டு நாயைக் காட்டிட்டு, மத்த ரெண்டும் வாந்தி எடுத்துருச்சுன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுது."

"நாளைக்கு ஒரு மேய்ப்பன் வெறும் வயித்துல முழுங்கிட்டு, குணமாயிரும்னு நம்பி உட்கார்ந்திருப்பான். உள்ள கட்டி வளந்துகிட்டே இருக்கும். அவனுக்கு யார் பதில் சொல்றது?"

"அப்போ விதிப்படி இந்தச் சோதனை செல்லாது. தண்ணியில கரையாத மருந்துக்காக இன்னொரு தடவை நாய் கேக்காதீங்க. இந்த ஃபைலை மூடுங்க."

மூடினாள். உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு இது. போகிற வழியில், அளவுக்கோடு போட்ட குடுவையொன்றில் நாற்பத்தேழில் ஒரு சிட்டிகையைப் போட்டு எடுத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி கொட்டடிக்கு இறங்கினாள்.

ஜந்தோஸ் கிண்ணம் நிறைய சோர்பா ஊற்றி நீட்டினான்.

"திட்டுறதுக்கு முன்னாடி குடிங்க அப்கே. முகமே வாடிப் போச்சு."

"அன்னிக்கு அதுங்களுக்கு எவ்வளவு ஊத்துன?"

"அளவா? போதும்னு தலையை எடுக்குற வரைக்கும்."

கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. கிண்ணத்தை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு குடுவையை அவன் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"நாய்தானே கிடையாது? இதுல ஊத்து. இந்தத் தடவை போதும்னு நான் சொல்றேன்."