இளங்கோவனின் முறை

20-1-2006, வெள்ளி

நேற்றைய பக்கத்தில் ஒரு சிறிய தவறு இருக்கிறது. ஐந்தாம் கேள்விக்குப் பன்னிரண்டு பேரும் பதில் சொன்னதாக எழுதியிருக்கிறேன். சொன்னவர்கள் பதினோரு பேர். அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை மாறினால் என்னை நானே காப்பாற்றிக்கொண்டுவிடுவேன்.

மாலைக் கணினி வகுப்பில் ஃபாக்ஸ்ப்ரோ என்ற தரவு மென்பொருள் பாடம் முடிகிறது. ஒவ்வொருவரும் எங்காவது கருத்துக் கேட்டு, அட்டவணை போட்டு, அறிக்கை தர வேண்டும். நான் தணிகாசலம் அண்ணனின் பிரவுசிங் சென்டரைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே எல்லோரும் ஆடுவது ஒரே ஆட்டம். மன்னர் காலத்துக் கோட்டைகள், வரி, முற்றுகை. அதற்குப் புதிய பதிப்பு ஒன்று சிடியில் வந்திருந்தது. அண்ணன் அதை ஒரு கணினியில் மட்டும் போட்டு, ஒரு வாரம் எல்லோரையும் ஆட விட்டிருந்தார். பிடித்திருந்தால் மற்ற ஐந்திலும் போடுவார். ஆனால் ஹார்டு டிஸ்கில் இடம் போதாது. பழையதை அழித்துவிட்டுத்தான் போட முடியும். பாதியில் சேமித்து வைத்த ஆட்டங்களும் அதோடு போய்விடும். அதற்காகவே ஐந்தாம் கேள்வியைச் சேர்த்தேன்: சேமித்த பழைய ஆட்டம் வேண்டுமா? ஒருவர் வேண்டும் என்றாலும் அவருடைய கணினியைத் தொடமாட்டேன் என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை தாள்களோடு போனேன். கருத்துகளுக்குக் குறைவில்லை.

"படை திரட்டி முடிக்கறதுக்குள்ள கொள்ளைநோய் வந்து பாதி ஊர் காலியாயிடறது. நான் யாரை வச்சுண்டு சண்டை போடறது?" என்றார் சின்ன காஞ்சிபுரம் பாச்சா.

"நீ கோட்டைக்குள்ள எலிய வளத்தா நோய் வராம இன்னா வரும்?" என்றான் அச்சுத். அவனுக்குப் புது சிடி மிகவும் பிடித்திருந்தது.

தறி நெய்யும் முனிசாமிக்குப் பிடிக்கவில்லை. "முன்னெல்லாம் ஏணி வச்சி மதில் ஏறுனா போதும். இப்ப சுரங்கம் தோண்டணுமாம். நாள் பூரா தறிக்குழில உக்காந்துட்டு வரேன், இங்கயும் குழியாப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். சாமுவேல் சிரிக்கவில்லை. அவர் ஐயம்பேட்டைக்காரர், வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் வேலை. தினமும் ஆறு மணிக்கு வந்து நான்காம் கணினியில்தான் உட்காருவார். முதல் நான்கு கேள்விகளுக்கும் "நல்லாத்தான் இருக்குது" என்றார். ஐந்தாவதைப் படித்ததும் தாளைத் திருப்பி வைத்தார்.

"அப்பால சொல்றேன்பா" என்று எழுந்து போய்விட்டார்.

நான் அடுத்தவரிடம் போனேன். வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

ஃபாக்ஸ்ப்ரோவில் ஆம்-இல்லைக் கட்டத்தை நிரப்பாமல் விட்டால் அது தானாகவே 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளும். இதை இரண்டாம் மாதமே சொல்லிக்கொடுத்தார்கள். என் நோட்டில் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். இருந்தும் சாமுவேலின் கட்டத்தைத் தாண்டிப் போனேன். வேண்டும் 0, வேண்டாம் 12 என்று வந்தது. கூட்டுத்தொகை சரியாக இருந்ததில் எனக்கு மகிழ்ச்சி. வாத்தியாரும் நேற்று அட்டவணையைப் பார்த்து, ஒரு விடுதலும் இல்லை என்று பாராட்டினார். அச்செடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். இன்று காலை அவர் ஐந்து கணினிகளிலும் பழையதை அழித்துப் புதியதைப் போட்டுவிட்டார். திறந்தால் முகப்பு பழையது மாதிரியே இருக்கும்.

மாலை ஆறு மணிக்குச் சாமுவேல் வந்தார். நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணே, நாலுல என் ஆட்டத்தக் காணல" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு, "நேத்து கரண்ட் போய்ப் போய் வந்துக்கினு இருந்துச்சில்ல, அதுல போயிருக்கும்பா" என்றார்.

"கரண்டு போனா அதுமட்டுமா போவும்?" சாமுவேல் மவுஸை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "நேத்து மூடறப்ப நான்தான் இன்னாத்தயோ அழுத்திட்டேன். நான்தான்ணே."

என் பையில் அந்தப் பன்னிரண்டு தாள்களும் இருந்தன. நான் எடுக்கவில்லை. அவர் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

வெளியே வந்ததும் பாச்சா சொன்னார். சாமுவேலும் இளங்கோவனும் ஒரே தெரு. நான்காம் கணினியில் இரண்டு பேரும் மாறி மாறி ஆடுவார்கள். ஒருவர் தன் முறையை முடித்தால்தான் மற்றவருக்கு வரும். மழைக்காலத்தில் தாமல் ஏரி நிரம்பி வழிந்தபோது, தண்ணீர் பார்க்கலாம் வா என்று சாமுவேல்தான் கூப்பிட்டிருக்கிறார். தண்ணீர் வழியும் கலங்கல் மதகில் இளங்கோவனுக்குக் கால் வழுக்கிவிட்டது. உடல் மறுநாள் கிடைத்தது.

"அன்னிக்கு இளங்கோவன் முறையில ஆட்டம் நின்னுது" என்றார் பாச்சா. "சாமுவேல் தினமும் வந்து திறப்பார். அவன் பேரும், உங்கள் முறை என்கிற வரியும் வரும். ஒரு பட்டனை அழுத்தினா முறை இவருக்கு வந்துடும். அழுத்தவே மாட்டார். பாத்துண்டே இருந்துட்டு மூடிட்டுப் போவார். உனக்குத் தெரியாதா?"

தெரியாது. ஆனால் நான் அவரைப் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் தாள் அவருடையது. அதன் குறிப்புக் கட்டத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: 'நிதானமாக ஆடுபவர்'. அதற்கு மேலே ஐந்தாம் கேள்வி, காலியாக.

திரும்பிப் போய் அண்ணனிடம் கேட்டேன். மீட்க வழியில்லை என்றார். "உனக்காகத்தான்பா கரண்டுன்னு சொன்னேன். உட்டுடு." எனக்காகவா அவருக்காகவா என்று தெரியவில்லை. அவர் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பது தெரியும். அதையும் எழுதிவைக்கிறேன்.

'ஏரிக்குக் கூப்பிட்டது நான்தான்' என்று சாமுவேல் ஏற்கெனவே தனக்குள் சொல்லிக்கொண்டிருப்பார். இப்போது 'ஆட்டத்தை அழித்ததும் நான்தான்' என்று சேர்த்துச் சொல்வார்.

நாளை சனி. காலை ஆறரைக்கு ஷேர் ஆட்டோ பிடித்து, சாமுவேல் மில்லுக்குக் கிளம்புவதற்குள் ஐயம்பேட்டை போக வேண்டும். ஒன்பதாம் தாளைக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். ஆட்டத்தை அழிக்க வைத்தது என் அட்டவணை என்று அவரிடம் சொல்ல வேண்டும்.